கன்னப் புற்றுநோய் ஆபரேஷன்: கால் எலும்பை எடுத்துத் தாடைக்கு வைப்பது அவசியமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தக்காளித்தோட்டம்_பாலக்கோடு

வணக்கம். அப்பாவுக்கு 56 வயது. மாரண்டஹள்ளி பக்கம் தக்காளி போடுகிறோம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் அவருக்கு ரொம்ப வருஷமாக உண்டு, தோட்டத்தில் வேலை செய்யும்போது இடது கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வார். அந்தப் பக்கம் கீழ் ஈறில் ஒரு புண் ஆறாமலே இருந்தது. கடைவாய்ப் பல் ஆடியது என்று பிடுங்கினோம், பிடுங்கிய குழி மூடவே இல்லை. அதற்கப்புறம்தான் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது ஒரு வகைப் புற்றுநோய் என்று ரிப்போர்ட். சிடி ஸ்கேனில் தாடை எலும்பையும் அரித்திருப்பது தெரிகிறதாம்.

டாக்டர் சொன்னது இதுதான்: இடது கீழ்த்தாடையை முன்பல்லுக்குக் கொஞ்சம் பக்கத்திலிருந்து காது வரைக்கும் எடுக்க வேண்டும், கழுத்தில் இருக்கும் நெறிகளையும் (நிணநீர்க் கட்டிகளையும்) எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் காலிலிருந்து எலும்பு, தோல், ரத்தக்குழாய் மூன்றையும் சேர்த்து எடுத்து வைத்து இணைப்பார்கள். பத்து மணி நேரம் வரைக்கும் ஆகுமாம்.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பெரியப்பா, வாயில் வந்த நோய்க்குக் காலை எதுக்கு அறுக்கணும், நாளைக்கு நொண்டிக்கிட்டுத் திரியணுமா என்கிறார். அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டு, கட்டியை மட்டும் எடுத்துவிடச் சொல்லு, எலும்பு கிலும்பு எல்லாம் வேண்டாம் என்கிறார். சித்தப்பா இரும்பு பிளேட் மட்டும் போட்டால் போதாதா என்று கேட்கச் சொல்கிறார். மலைப்பக்கம் ஒருவர் பச்சிலை கொடுக்கிறார், கட்டி தானாக உதிரும் என்று ஒரு சொந்தக்காரர் தினமும் போன் செய்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது: இந்த எலும்பு வைப்பது உண்மையிலேயே தேவையா, அப்பா திரும்பக் குத்தவைத்து உட்கார்ந்து தக்காளி பறிக்க முடியுமா, வைத்த எலும்பு பிடிக்காமல் போனால் என்ன ஆகும், அப்புறம் சாப்பாடு. களி இல்லாமல் அவருக்கு ஒரு நாள் போகாது. செலவும் பயமாக இருக்கிறது.

காவேரிப்பட்டணம்_அக்கா

தம்பி, எங்க வீட்டுக்காரருக்கு இதே ஆபரேஷன்தான், அவருக்கு வலது பக்கம். மாம்பழக்கூழ் கம்பெனியில் மூட்டை இறக்குகிற வேலையில் இருந்தார். எனக்கும் முதலில் காலைப் பற்றித்தான் பயம். இப்போது சொல்கிறேன், கால்தான் சீக்கிரம் சரியாகிறது, வாய்தான் நாள் எடுக்கிறது.

முழங்காலுக்குக் கீழே ரெண்டு எலும்பு இருக்கு. முன்னால் தடியாக இருக்கிறதுதான் உடம்பு பாரத்தைத் தாங்குகிறது. இவர்கள் எடுப்பது வெளிப்பக்கம் மெல்லிசாக இருக்கிற ஃபிபுலா. அதிலும் முழுசாக எடுக்க மாட்டார்கள், முட்டிப் பக்கமும் கணுக்கால் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் இருக்கிறதைத்தான் எடுப்பார்கள். ஆபரேஷன் முடிந்த முதல் வாரக் கடைசியிலேயே வாக்கர் வைத்து நடக்க விட்டார்கள். காலில் தோல் எடுத்த இடத்தை மூட தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டினார்கள். எனக்குத் தெரிந்து அவர் ரொம்ப முனகினது அந்தத் தொடைக் காயத்துக்குத்தான், தீக்காயம் மாதிரி எரியும் என்பார்.

குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். கட்டைவிரலைக் கீழே மடக்க முடியவில்லை, செருப்பு நழுவுகிறது, அதனால் பின்னால் வார் வைத்த செருப்புதான். பாதத்து மேல்பக்கம் ஒரு இடம் மரத்தே கிடக்கிறது. குத்தவைப்பதற்கு ரொம்ப நாள் ஆனது, கணுக்கால் மடங்காமல் விறைத்துப் போயிருந்தது, பிசியோதெரபி பையன் விடாமல் மடக்கி மடக்கித்தான் வந்தது. இப்போது உட்கார்ந்து எழுகிறார், மணிக்கணக்கில் உட்காரச் சொன்னால் முடியாது. மூட்டை தூக்குவதை விட்டுவிட்டார், அது காலால் இல்லை, கழுத்து ஆபரேஷனில் தோள்பட்டை இறங்கிப் போனதால். இதை யாரும் எங்களுக்கு முன்னாடியே சொல்லவில்லை. கழுத்து நெறி எடுத்தால் கை மேலே தூக்குவதும் சிரமமாகும், தோளுக்கும் பயிற்சி கேட்டு வாங்குங்கள்.

முதல் ரெண்டு மூன்று நாள்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கணும். ஐசியூவில் மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து வாய்க்குள் டார்ச் அடித்து, காலிலிருந்து எடுத்து வைத்த தோலின் நிறம் பார்ப்பார்கள், ஊசியால் குத்தி ரத்தம் எப்படி வருகிறது என்று பார்ப்பார்கள். எங்க வீட்டுக்காரருக்கு நிறம் கறுக்க ஆரம்பித்து ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பத் தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். சிரையில் ரத்தம் உறைந்திருந்ததாம், எடுத்துவிட்டு மறுபடி தைத்தார்கள், பிழைத்துக்கொண்டது. அந்த நர்ஸ் அந்த நேரத்தில் பார்க்காமல் விட்டிருந்தால் எலும்பே போயிருக்கும்.

முகம் மாதக்கணக்கில் வீங்கித்தான் இருக்கும். கண்ணாடியை எடுத்து மறைத்து வைக்காதீர்கள், அவரே பார்த்துப் பழகட்டும்.

ஊர்சுற்றி_ஓசூர்

56 வயதில் பத்து மணி நேர ஆபரேஷன், கால் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் கட்டு, மூக்கில் குழாய்... இதெல்லாம் தேவையா? ஆஸ்பத்திரிக்காரன் பில்லுக்காகச் சொல்வான். நாலு இடத்தில் விசாரியுங்கள்.

பல்டாக்டர்_கிருஷ்ணகிரி

நான் முகத்தாடை அறுவை சிகிச்சை படித்தவன், கிருஷ்ணகிரியில் கிளினிக் வைத்திருக்கிறேன். இந்தப் பெரிய ஆபரேஷனை இப்போது நான் செய்வதில்லை, ஆனால் செய்து முடித்து வருகிறவர்களின் பல்லையும் வாயையும் நிறையப் பார்க்கிறேன். மேலே எழுதியவருக்கு ஒரு வார்த்தை: நாலு இடத்தில் விசாரிக்கிற நேரத்தில் எலும்பு வரைக்கும் வந்த கட்டி சும்மா இருக்காது. இரண்டாவது கருத்து கேட்பது நல்லதுதான், ஒரே ஒரு இடத்தில், இந்த வாரத்துக்குள் கேளுங்கள். பச்சிலை விஷயத்துக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. அந்தச் சொந்தக்காரரின் நம்பரை பிளாக் செய்துவிடுங்கள்.

தம்பி, நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தாடையில் எந்தப் பகுதி போகிறது, எவ்வளவு நீளம் போகிறது என்பதுதான். எலும்பு தேவையா இல்லையா என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். கட்டி எலும்பின் மேல்விளிம்பில் உரசிக்கொண்டு மட்டும் இருந்தால் மேல்பாதியைச் சீவிவிட்டு அடிவிளிம்பை அப்படியே விடுவார்கள், அப்போது எங்கிருந்தும் எலும்பு எடுத்து வைக்க வேண்டியதில்லை. உங்கள் அப்பாவுக்கு ஸ்கேனில் அரிப்பு இருப்பதால் முழுத் துண்டாகத்தான் எடுப்பார்கள். மோவாய்ப் பகுதி போனால் எலும்பு கட்டாயம், அங்கே பேச்சே இல்லை. நாக்கை முன்னால் பிடித்து வைத்திருப்பதே அந்த எலும்புதான், அது இல்லாவிட்டால் நாக்கு பின்னால் சரியும், உதடு தொங்கும், எச்சில் வழிந்துகொண்டே இருக்கும், மூச்சு விடுவதே சிரமம். பின்பக்கம் மட்டும், காதுக்குக் கீழே இருக்கும் பகுதி மட்டும் போனால் எலும்பு வைக்காமல் சதையை மட்டும் வைத்து மூடுகிறவர்கள் உண்டு, அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். உங்கள் அப்பாவுக்குச் சொல்லியிருப்பது முன்பல் பக்கத்திலிருந்து காது வரைக்கும். அது நீளமான இடைவெளி. அங்கே எலும்பு வைக்கலாம் என்று உங்கள் டாக்டர் சொல்வது நியாயமானதாகத்தான் எனக்குத் தெரிகிறது.

அடுத்தது, எலும்பு பிடிக்குமா என்பது. இடுப்பு எலும்பிலிருந்து துண்டு வெட்டி அப்படியே வைப்பது பழைய முறை. சாதாரண, புற்றுநோய் அல்லாத கட்டிகளில், சின்ன இடைவெளிக்கு இன்றைக்கும் அது சரிதான். ஆனால் அந்தத் துண்டுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. சுற்றியிருக்கிற சதையை நம்பித்தான் அது பிழைக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைக்க வேண்டி வரும், அப்போது சுற்றியிருக்கிற சதையே வாடிப்போகும், துண்டு கரைந்துவிடும் அல்லது சீழ் பிடித்துவிடும். ஃபிபுலாவை எடுக்கும்போது அதோடு ஒட்டியிருக்கிற பெரோனியல் தமனியையும் சிரைகளையும் சேர்த்தே எடுக்கிறார்கள். நாற்றை வேர்மண்ணோடு பிடுங்கி நடுவது மாதிரி. மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, முடியை விட மெல்லிய நூலில் கழுத்து ரத்தக்குழாயோடு தைத்துவிட்டால் அந்த எலும்பு உயிரோடேயே இருக்கிறது, மிச்சத் தாடையோடு எலும்பு முறிவு கூடுவது போலக் கூடுகிறது. அனுபவமுள்ள குழுக்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு இது பிடித்துக்கொள்கிறது. பிடிக்காத சிலருக்கு அதை எடுத்துவிட்டு நெஞ்சுச் சதையையோ வேறு ஒன்றையோ வைப்பார்கள், இன்னொரு ஆபரேஷன், இன்னும் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி. அந்த வாய்ப்பும் இருக்கிறது என்று தெரிந்தே கையெழுத்துப் போடுங்கள்.

இது நேற்று வந்த வைத்தியமும் இல்லை. நியூயார்க்கில் டேவிட் ஹிடால்கோ என்ற பிளாஸ்டிக் சர்ஜன் ஃபிபுலாவை வெட்டி வளைத்துத் தாடையாக்கியதைப் பற்றி 1989-ல் எழுதினார். காலில் நேராக இருக்கிற எலும்பைத் தாடை வளைவுக்கு ஏற்ற மாதிரி இரண்டு மூன்று இடத்தில் ஆப்பு வடிவில் வெட்டி, மடக்கி, டைட்டானியம் பிளேட்டில் திருகு போட்டு நிறுத்துவார்கள். வளர்ந்த ஆளுக்கு 20 சென்டிமீட்டருக்கு மேலேயே எடுக்க முடியும், பாதித் தாடைக்கு அவ்வளவு வேண்டாம்.

பெரியப்பா காலைப் பற்றிக் கவலைப்படுவது தப்பில்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பாதத்துக்கு மூன்று தமனிகள் ரத்தம் கொண்டு போகின்றன, அதில் ஒன்றைத்தான் எடுக்கப்போகிறார்கள். புகையிலை, சர்க்கரை இருக்கிறவர்களுக்கு மற்ற இரண்டும் ஏற்கெனவே அடைத்துப் போயிருக்கலாம். சிலருக்குப் பிறவியிலேயே பாதம் அந்த ஒரு தமனியை நம்பித்தான் இருக்கும். அப்படிப்பட்டவருக்கு அதை எடுத்தால் பாதத்துக்கே ஆபத்து. அதனால் காலுக்கு சிடி ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாயைக் காட்டுகிற ஸ்கேன்) எடுத்தார்களா என்று கேளுங்கள். சரியில்லை என்றால் தோள்பட்டை எலும்பு, இடுப்பு எலும்பு என்று ரத்தக்குழாயோடு எடுக்கக்கூடிய வேறு இடங்களும் உண்டு.

புகையிலையை இன்றோடு நிறுத்த வேண்டும், ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரைக்கும் ஒரே ஒரு தடவை என்பதெல்லாம் கூடாது. நிகோட்டின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கும், தைக்கப்போவதே அப்படிப்பட்ட குழாயைத்தான். எல்லை தாண்டி வருகிற புகையிலைப் பாக்கெட்டு எதுவும் கட்டில் பக்கம் வரக்கூடாது. இதில் மகன்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். தாத்தா கேட்கிறார் என்று பேரப்பையனே வாங்கிக் கொடுத்த கதை எனக்குத் தெரியும்.

அரூர்க்காரன்

எங்கள் அப்பாவுக்கு எலும்பு வைக்கவில்லை. இந்தப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அவருக்கு 70 தாண்டிவிட்டது, இதயத்தில் ஏற்கெனவே ஸ்டென்ட் இருந்தது. அவ்வளவு நேரம் மயக்கத்தில் வைக்க முடியாது என்று மயக்க டாக்டரே சொல்லிவிட்டார். பின்தாடை மட்டும்தான் போனது. நெஞ்சுச் சதையைத் தோலோடு திருப்பிக் கழுத்து வழியாகக் கொண்டுவந்து மூடினார்கள். நாலைந்து மணி நேரத்தில் முடிந்தது, மைக்ரோஸ்கோப் எதுவும் இல்லை.

இப்போது நன்றாக இருக்கிறார். தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, வாயை மூடினால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராது, கன்னம் குழிந்துவிட்டது. ஒரு வேடிக்கை சொல்கிறேன், நெஞ்சில் முடி இருக்கிற ஆம்பளைக்கு அந்தத் தோலை வாய்க்குள் வைத்தால் வாய்க்குள் முடி முளைக்கும்! எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, சாப்பாட்டில் முடி என்று அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தார். கரண்ட் வைத்த பிறகு பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது.

இதில் நான் சொல்ல வருவது, வயதும் இதயமும் சரியில்லாதவருக்கு இந்த வழி தப்பில்லை. ஆனால் தம்பியின் சித்தப்பா சொல்கிற வெறும் பிளேட் வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு பிளேட்டும் நெஞ்சுச் சதையும் மட்டும் வைத்து, கரண்ட் வைத்த பிறகு பிளேட் கன்னத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. அப்புறம் அதை எடுப்பதற்கு ஒரு ஆபரேஷன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்.

பல்டாக்டர்_கிருஷ்ணகிரி

அரூர்க்காரர் சொல்வது சரி. அந்த பிளேட் விஷயம் பரவலாக நடப்பதுதான். தாடைக்கு உள்ளே எலும்பு இல்லாமல் பிளேட் மட்டும் தனியாகப் பாரம் தாங்கினால் ஒன்று தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், இல்லை என்றால் மென்று மென்று உடையும். கரண்ட் வைத்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். எலும்போடு போடுகிற பிளேட்டுக்கு அந்தக் கஷ்டம் குறைவு, ஏனென்றால் கூடிய பிறகு பாரத்தை எலும்பே எடுத்துக்கொள்கிறது.

நெஞ்சுச் சதை முறையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1979-ல் வந்தது, நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய்க்கு இன்றும் அதிகமாகச் செய்யப்படுகிற முறைகளில் ஒன்று. ஃபிளாப், அதாவது ரத்தக்குழாயோடு எடுத்துத் தைக்கிற வேலை, செய்கிற குழு இல்லாத இடத்தில் ஃபிபுலாவுக்காக இரண்டு மாதம் வரிசையில் நிற்பதை விட, கட்டியைச் சீக்கிரம் எடுத்து நெஞ்சுச் சதையில் மூடுவதே மேல் என்று நான் நினைக்கிறேன். இதை ஒப்புக்கொள்ளாத டாக்டர்களும் இருப்பார்கள்.

தக்காளித்தோட்டம்_பாலக்கோடு

எல்லாருக்கும் நன்றி. இன்று கேட்டேன். காலுக்கு ஆஞ்சியோ எடுத்தாகிவிட்டது, மூன்று தமனியும் நன்றாக இருக்கிறதாம். சர்க்கரை இல்லை. தாடையில் எந்தப் பகுதி என்று கேட்டதும் டாக்டர் ஸ்கேன் படத்தை எடுத்து வைத்துப் பத்து நிமிஷம் விளக்கினார், இதற்கு முன்னால் ரெண்டு நிமிஷத்தில் அனுப்பிவிடுவார்!

ஆபரேஷன் முடிந்து எத்தனை நாளில் கரண்ட் ஆரம்பிக்கும்? அது எத்தனை நாள்? காப்பீடு எப்படி? அப்புறம் பல். இடது பக்கம் கீழே பல்லே இருக்காது, இம்ப்ளாண்ட் (எலும்பில் திருகிப் பதிக்கிற பல்) வைக்கலாமா என்று தங்கச்சி கேட்கிறாள். அப்பா களியைப் பற்றித்தான் கேட்கிறார்.

மொரப்பூர்_ரயிலடி

காப்பீட்டுக்கு நான் சொல்கிறேன், எங்கள் அத்தைக்கு எல்லாம் அலைந்தவன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லை என்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். வருமானச் சான்றை இ-சேவையில் விண்ணப்பித்துவிட்டு விஏஓவைப் போய்ப் பாருங்கள், விண்ணப்பித்ததோடு வீட்டில் உட்கார்ந்தால் அது அங்கேயே கிடக்கும்.

அட்டை கையில் வந்தாலும் வேலை முடியாது. எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லா ஆபரேஷனும் அதில் வராது. நீங்கள் போகிற இடத்தில் இருக்கும் காப்பீட்டுக் கவுண்ட்டரில், கட்டியை எடுப்பதும் எலும்பு வைப்பதும் ரெண்டும் அனுமதியில் சேர்ந்திருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். எழுதி வாங்கினால் இன்னும் நல்லது. பிளேட்டுக்கு வெளியில் காசு கட்டச் சொல்கிறார்களா என்பதையும் அட்மிஷனுக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

பயணம்: சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்களோ வேலூர் போகிறீர்களோ, மொரப்பூரில் ஏறினால் சென்னை, வேலூருக்கு இறங்குகிற காட்பாடி ரெண்டுக்கும் ரயில் இருக்கிறது. பெங்களூர் கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி என்றால் தர்மபுரியிலேயே ஏறலாம். கிருஷ்ணகிரிக்காரர்கள்தான் பாவம், மாவட்டத் தலைநகர், இன்னும் ஸ்டேஷன் கிடையாது, எத்தனை தேர்தல் வாக்குறுதி போனதோ. புற்றுநோய் நோயாளி சிகிச்சைக்குப் போக ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை, கூட வருகிற ஒருவருக்கும் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு படிவம் கொடுப்பார்கள், டாக்டர் கையெழுத்தும் சீலும் வாங்கி டிக்கெட் கவுண்ட்டரில் காட்ட வேண்டும். கரண்டுக்குத் திரும்பத் திரும்பப் போகும்போது இது பெரிய காசு.

காவேரிப்பட்டணம்_அக்கா

களிக்கு வருகிறேன். எங்க வீட்டிலும் இதே பிரச்சினைதான், அவருக்குக் களியும் கீரைக் குழம்பும் இருந்தால் போதும்.

முதலில் கொஞ்ச நாள் வாயால் ஒன்றும் கிடையாது, மூக்குக் குழாய்தான். தொண்டையிலும் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருப்பார்கள், அந்த நாட்களில் பேச முடியாது, ஒரு சிலேட்டு வாங்கி வையுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் தண்ணி, வலி, பாத்ரூம் என்று படம் வரைந்து வைத்துவிடுங்கள். மூக்குக் குழாயில் பால், முட்டை வெள்ளைக்கரு, பருப்புத் தண்ணி, ராகிக் கஞ்சி எல்லாம் கொடுக்கலாம், டயட்டீஷியன் அளவு எழுதித் தருவார். ராகிக் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டாமல் ஊற்றிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் பின்னாலேயே வெறும் தண்ணி விட்டுக் குழாயைக் கழுவணும். தலையைத் தூக்கி உட்கார வைத்துத்தான் கொடுக்கணும், கொடுத்த உடனே படுக்க விடக்கூடாது.

அப்புறம் விழுங்குகிற பயிற்சி. அதைப் பார்த்துச் சொல்கிற தெரபிஸ்ட் சரி என்ற பிறகுதான் வாயால். எங்க டாக்டர் வெளியூர்க்காரர், இட்லி கொடுங்க, மென்று பழகட்டும் என்றார். நம்ம ஊரில் களியை யார் மெல்லுகிறார்கள்? குழம்பில் புரட்டி அப்படியே விழுங்குகிறதுதானே. பல்லே வேண்டாம். ஆனால் தெரபிஸ்ட் அம்மா முதலில் வேண்டாம் என்றுவிட்டார், கெட்டியாக ஒட்டுகிற பண்டம் தொண்டையில் நின்றால் புரையேறும் என்று. கூழ், அப்புறம் தளர்வான களி, அப்புறம்தான் வழக்கமான களி. கரண்ட் வைக்கும்போது எச்சில் வற்றி எல்லாம் தொண்டையில் ஒட்டும், அப்போது மறுபடியும் கூழுக்கு வந்தோம். காரம் சுத்தமாக ஆகாது. குழம்புக்கு மிளகாய் இல்லாமல் தனியாகக் கொஞ்சம் எடுத்து வைக்கிற பழக்கம் எங்க வீட்டில் இன்னும் போகவில்லை.

பல்டாக்டர்_கிருஷ்ணகிரி

கரண்ட் பற்றி: எடுத்த கட்டியின் முழு ரிப்போர்ட் ஓரிரு வாரத்தில் வரும், அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். எலும்புக்குள் போன கட்டிக்குப் பெரும்பாலும் வேண்டி வரும். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் ஆரம்பிப்பதுதான் குறி, தள்ளத் தள்ளப் பலன் குறைகிறது. அதனால் புண் ஆறவில்லை, கால் வலிக்கிறது, தக்காளிக்கு விலை ஏறியிருக்கிறது, பறித்து முடித்துவிட்டுப் போகலாம் என்றெல்லாம் தள்ளிப் போடாதீர்கள். வாரத்தில் ஐந்து நாள் என்று ஆறு வாரம், பொதுவாக 30 தடவை. ஒவ்வொரு தடவையும் சில நிமிஷம்தான். நெறிக் கட்டியின் சுவரைத் தாண்டி நோய் வெளியே வந்திருந்தாலோ, வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சம் இருந்தாலோ கூடவே சிஸ்பிளாட்டின் என்கிற கீமோ மருந்தும் கொடுப்பார்கள்.

பல்லுக்கு வருவோம், இது என் பேட்டை. இம்ப்ளாண்ட் ஃபிபுலாவில் வைக்க முடியும், நன்றாகவே நிற்கும். ஆனால் அவசரம் வேண்டாம். ஃபிபுலா நம் சொந்தத் தாடையை விட உயரம் குறைவு, அதனால் அந்தப் பக்கம் பல் வரிசை பள்ளத்தில் இருக்கும். உள்ளே வைத்த தோல் தடிப்பாக இருந்தால் அதையும் மெலிதாக்க வேண்டும். கரண்ட் வைத்த எலும்பில் திருகு போடுவதற்கு முன்னால் அந்த இடத்துக்கு எவ்வளவு டோஸ் போயிருக்கிறது என்று ரேடியேஷன் டாக்டரிடம் கேட்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. நோய் திரும்பாமல் ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் பேசலாம். தங்கச்சியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள், கழற்றி மாட்டுகிற சாதாரணப் பல்செட் அந்தப் பக்கம் நிற்பது கஷ்டம், யாராவது மலிவாகச் செய்து தருகிறேன் என்றால் பணம் கொடுக்காதீர்கள். வலது பக்கம் மென்றே பலர் காலம் தள்ளுகிறார்கள்.

இப்போதைக்கு அவசரமாகச் செய்ய வேண்டியது மிச்சமிருக்கிற பற்களைக் காட்டுவது. புகையிலை போட்ட வாய் என்றால் வலது பக்கமும் மேலேயும் ஆடுகிற பல், சொத்தைப் பல் இருக்கும். காப்பாற்ற முடியாததை எல்லாம் அதே ஆபரேஷனில், அதே மயக்கத்தில் எடுத்துவிடச் சொல்லலாம். அப்படி இல்லை என்றால் கரண்ட் ஆரம்பிக்க இரண்டு வாரமாவது இருக்கும்போது பிடுங்கி முடித்திருக்க வேண்டும். கரண்ட் வைத்த பிறகு கீழ்த்தாடையில் பல் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகிற ஆபத்து உண்டு. அது ஐந்து வருஷம் கழித்தும் வரும், பத்து வருஷம் கழித்தும் வரும். அதனால் எந்தக் காலத்திலும், எந்த ஊரிலும் பல்லைக் காட்டப் போனால் கரண்ட் வைத்தவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் பேப்பரை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வாய் திறப்பது. அவருடைய மூன்று விரல் நெட்டாக உள்ளே போகிற அளவுக்கு இப்போது திறக்கிறதா என்று பாருங்கள், எவ்வளவு என்று எழுதி வையுங்கள். ஆபரேஷனும் கரண்டும் சேர்ந்து தாடைச் சதையை இறுக்கிவிடும், விட்டுவிட்டால் ஒரு விரல் கூடப் போகாத நிலைக்கு வருகிறவர்கள் உண்டு, அப்புறம் பல் தேய்ப்பதே நடக்காது. சர்ஜன் ஆரம்பிக்கலாம் என்று சொன்ன நாளிலிருந்து ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, வாரத்துக்கு ஒன்று என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். கரண்ட் நடக்கும்போது வாய் வெந்து எரியும், அப்போதும் நிறுத்தக் கூடாது, வலி மாத்திரை போட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். குச்சியை மரக்கடையில் வாங்காதீர்கள், சிம்பு குத்தும். மெடிக்கல் ஷாப்பில் நாக்கை அழுத்திப் பார்க்கிற மரப்பட்டை கட்டாகக் கிடைக்கும், அதை வாங்குங்கள்.